எட்டுப் பேர் ஏறியதும் 41 எப்படி 16 ஆனது?

வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரை புதூரில் இருக்கும் ஒரு தம்பி, மாமன் மகன்களோடு கூட்டுச் சேர்ந்து மண்டபத்தில் பழைய பைபர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். நீளம் 16 அடி, அகலம் 6 அடி. 40 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின், கியர் விகிதம் இரண்டுக்கு ஒன்று, புரொப்பெல்லரில் பிட்ச் 11 என்று பொறித்திருக்கிறது. விளம்பரத் தாளில் மணிக்கு 45 கி.மீ. என்று இருந்ததாம். டிசம்பரில் ஒரு விடியற்காலை, விற்றவரும் இவரும் மட்டும் ஓட்டிப் பார்த்தபோது போனில் 41 காட்டியது, இன்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்று சுற்றியது. பணத்தைக் கொடுத்துவிட்டார். மே மாதம் பள்ளி விடுமுறையில் வீட்டோடு போய், பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், ஐஸ் பெட்டி, சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே ஓட்டியிருக்கிறார். முழுக்கத் திருகியும் போகும்போது 16, திரும்பும்போது 18. சுற்று 4,200-க்கு மேல் ஏறவில்லை. "இன்ஜின் படுத்துவிட்டதா, விற்றவர் ஏமாற்றிவிட்டாரா, 60 குதிரைத்திறனுக்கு மாற்ற வேண்டுமா அண்ணே?" என்று கேட்கிறார்.

மூன்றுக்கும் இல்லை என்றுதான் நினைக்கிறேன் தம்பி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த அளவுப் படகுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். 16 பெருக்கல் 6, அதாவது 96. வகுத்தால் ஆறு சொச்சம். ஆறு பேர்தான். அதுவும் கடல் அமைதியாக இருக்கும் நாளில். நீங்கள் எட்டுப் பேரை ஏற்றியிருக்கிறீர்கள். எத்தனை லைப் ஜாக்கெட் இருந்தன என்று எழுதவே இல்லை. வேகம் குறைந்ததைவிட எனக்கு அதுதான் உறுத்துகிறது.

சரி, வேகத்துக்கு வருவோம்.

காரில் கூடுதலாக நான்கு பேர் ஏறினால் வேகம் கொஞ்சம் குறையும். அதே கணக்கைப் படகுக்கும் போடுகிறோம், அங்கேதான் தவறு. மோட்டார் படகின் வேகத்துக்கு நடுவில் ஒரு மேடு இருக்கிறது. மேட்டுக்கு இந்தப் பக்கம் படகு தண்ணீரைப் பிளந்து தள்ளிக்கொண்டு போகிறது. அந்தப் பக்கம் போய்விட்டால் தண்ணீர்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பிளேனிங் என்பது இதுதான். இரண்டுக்கும் நடுவே, மேட்டின்மேல், ரொம்ப நேரம் நிற்கிற படகு பெட்ரோலைக் குடித்துக்கொண்டு மூக்கைத் தூக்கியபடி திணறும். நீங்கள் மே மாதம் பார்த்தது அந்தத் திணறல்.

தெப்பத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் அத்தனை கனமான தெப்பத்தை வடம் பிடித்து மனிதர்கள்தான் இழுக்கிறார்கள். வழுக்கிக்கொண்டு வரும். நடக்கிற வேகத்தில் தண்ணீர் பெரிதாக எதிர்க்காது. அதே தெப்பத்தை ஓட்டமாக இழுக்கச் சொன்னால் கூட்டத்தை இரண்டு மடங்கு ஆக்கினாலும் நடக்காது. படகு வேகமெடுக்க எடுக்க முன்னால் ஒரு அலை, பின்னால் ஒரு அலை என்று தானே உண்டாக்கும். அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டும்போது படகு தன் அலையின் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். அந்த வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு: தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் நாட் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. உங்கள் படகுக்குச் சுமார் 15 அடி என்று வைத்தால் ஐந்து நாட்டுக்குக் கொஞ்சம் மேல், அதாவது மணிக்கு 10 கி.மீ.யை ஒட்டி. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் முன் அலையின் முதுகில் ஏற வேண்டும். உங்கள் நீளத்துக்கு அந்த ஏற்றத்தின் உச்சி ஏறத்தாழ 15 முதல் 18 கி.மீ. வரை. நீங்கள் எழுதிய 16-உம் 18-உம் எங்கே விழுகின்றன என்று பாருங்கள்.

இனி எடை. மேட்டைத் தாண்டிய படகின் வேகத்தை மதிப்பிடப் படகு கட்டுபவர்கள் வைத்திருக்கும் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. குரோச் என்பவர் பெயரால் வழங்குவது. குதிரைத்திறனை மொத்த எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, படகின் ரகத்துக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். எடை கிலோவிலும் வேகம் கி.மீ.யிலும் இருந்தால் சாதாரணப் படகுகளுக்கு அந்த எண் 163-ஐ ஒட்டி வரும். டிசம்பர் கணக்கைப் போடுவோம். உடல் 350 கிலோ, இன்ஜின் 100, ஆட்கள் இரண்டு பேர் 140, பேட்டரி, நங்கூரம், கொஞ்சம் பெட்ரோல் சேர்த்து 50. மொத்தம் 640. நாற்பதை 640-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சரியாகக் கால். 163-இல் கால் பங்கு 41. உங்கள் போன் பொய் சொல்லவில்லை. விளம்பரத் தாளும் பொய் சொல்லவில்லை. ஒரே ஆள், அடியில் ஒட்டிய பெட்ரோல், பாசி படாத அடிப்பாகம் என்றால் 45-ஐத் தொட்டுவிடலாம். விளம்பரத் தாளுக்காக ஓட்டுகிறவர் வீட்டிலிருந்து ஐஸ் பெட்டி கொண்டுவருவதில்லை.

மே மாதம் என்ன எடை? ஆட்கள் மட்டும் 470 கிலோ. பெட்ரோல் 50 லிட்டர் என்றால் 37 கிலோ. ஐஸ், தண்ணீர்க் கேன், சாப்பாடு 60. உடல், இன்ஜின், பேட்டரி, நங்கூரத்தோடு கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டி, 1,050 வரும். சூத்திரத்தில் போட்டால் 32 கி.மீ. இங்கேதான் விஷயம் இருக்கிறது. எடை மட்டும் கூடியிருந்தால் நீங்கள் 32-இல் போயிருக்க வேண்டும். 16 என்றால் படகு மேட்டையே தாண்டவில்லை. தாண்டாத படகுக்கு இந்தச் சூத்திரம் செல்லாது. 41-க்கும் 32-க்கும் நடுவே நிதானமாக இறங்கிக்கொண்டு வருகிற வேகம், மேடு ஏற முடியாத அந்த ஒரு எடையில் மொட்டைமாடியிலிருந்து விழுவது போல 16-க்கு விழுந்துவிடும். ஒரு ஆளை இறக்கிவிட்டால் திடீரென்று 30 போகும். பார்க்கிறவருக்கு இன்ஜின் கோளாறு போலத்தான் தெரியும்.

அப்படியானால் மேட்டைத் தாண்ட விடாமல் இழுத்தது எது? ஒன்றல்ல, நாலைந்து சேர்ந்திருக்கும்.

பெரிய சந்தேகம் எனக்கு ஆழத்தின் மேல். கரையோரமாகவே போனோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், மண்டபத்தின் வடகரையோரம் கேட்கவே வேண்டாம். ஆழம் குறைந்த தண்ணீரில் அலை இவ்வளவு வேகத்துக்கு மேல் ஓட முடியாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். இரண்டு மீட்டர் ஆழத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 4.4 மீட்டர், மணிக்கு 16 கி.மீ. அந்த வேகத்தை நெருங்கும் படகு தன் அலையைத் தாண்டவே முடியாமல் அதை முட்டிக்கொண்டே போகும். பின்பக்கம் இன்னும் கீழே உட்காரும், எதிர்ப்பு எகிறும். வேடிக்கை என்னவென்றால், ஒரு முறை தாண்டிவிட்டால் அதே ஆழம் குறைந்த தண்ணீரில் படகு ஆழ்கடலைவிடக் கொஞ்சம் லேசாகவே ஓடும். உங்களுக்கு மேடும் 16-இல், அலையின் வரம்பும் 16-இல். இரண்டு சுவர்களும் ஒரே இடத்தில்.

கண்மாயில் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மழைக்குப் பிறகு நிரம்பிய ஒரு கண்மாயில் மீட்புப் படகு ஒன்றைச் சோதித்தோம். ஒன்றரை மீட்டர் தண்ணீர்தான் இருக்கும். நான்கு பேரோடு தண்ணீர்மேல் எழவே இல்லை. பின்னால் சேற்று அலை கரையை அறைந்தது. அதே படகு, அதே நான்கு பேர், மறுவாரம் ஆழமான தண்ணீரில் பத்து விநாடிக்குள் எழுந்து ஓடியது.

அடுத்தது நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள் என்பது. நம் ஆட்கள் படகில் ஏறியதும் பின்னால் போய் ஒண்டிக்கொள்வார்கள், முன்னால் தண்ணீர் தெறிக்கும் என்று. இன்ஜினும் பின்னால், பெட்ரோல் டேங்கும் பின்னால், ஐஸ் பெட்டியும் பின்னால். அணியம் (படகின் முன்பகுதி) வானத்தைப் பார்க்கும். மேடு ஏறும்போது மூக்கு தானாகவே தூக்கும், அதற்கு மேல் நீங்களும் தூக்கிவிட்டால் படகு சுவரை முட்டுவது போலத்தான் தண்ணீரை முட்டும். புறப்படும்போது இரண்டு பேரை முன்னால் நகர்த்தி உட்கார வைத்து, இன்ஜினின் சாய்வை உள்பக்கமாக முழுக்க இறக்கி, எழுந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் தூக்க வேண்டும். ஓடும்போது படகின் அடி மூன்று முதல் ஐந்து டிகிரி வரை சாய்ந்திருந்தால் நல்லது. ரொம்பத் தூக்கினால் ஓங்கில் (டால்பின்) மாதிரி குதிக்க ஆரம்பிக்கும், அப்போது ஒரு சொட்டு இறக்குங்கள். இந்த ஒரு வேலைக்குக் காசு எதுவும் கிடையாது. முதலில் இதைச் செய்து பாருங்கள்.

படகுக்குள் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ, அது சும்மா கிடக்காது. மூக்கு தூக்கியதும் மொத்தமும் பின்னால் ஓடிவந்து உட்காரும். மிதிக்கும் தளத்துக்கு அடியில் இருக்கிற பழைய போம், அதாவது மிதப்புக்கு வைத்த நுரைப்பஞ்சு, தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம், அதைப் பம்ப் வைத்தும் இறைக்க முடியாது. இதில் என் மானம் போன கதை ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னால் இதே போல ஒரு படகு வேகம் போகவில்லை என்று வந்தது. நான் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், பிளக் மாற்றினேன், பெட்ரோல் பம்ப் மாற்றினேன். மூன்று நாள் கூலி வாங்கிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் எங்கள் பட்டறையில் எடுபிடியாக இருந்த பையன்தான் "டிரெய்லரோடு எடை போட்டுப் பார்த்தால் என்னண்ணே?" என்றான். கப்பலூர்ப் பக்கம் லாரிகளுக்கான எடைமேடையில் ஏற்றினோம். (பெயரில் கப்பல் இருந்தாலும் அந்த ஊர் அன்றுதான் ஒரு படகைப் பார்த்திருக்கும்.) தாளில் போட்டிருந்த எடையைவிட 130 கிலோ அதிகம். தளத்தை அறுத்துப் பார்த்தால் போம் ஈரத் துணி மாதிரி பிழியப் பிழிய ஒழுகியது. வாங்கிய கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். அதிலிருந்து எடைச் சீட்டு பார்க்காமல் இன்ஜின் மூடியைத் திறப்பதில்லை.

அப்புறம் வெயில். இன்ஜின் உறிஞ்சுவது காற்று. சூடான காற்று இளைத்த காற்று. டிசம்பர் விடியற்காலை 25 டிகிரிக்கும் மே மாதம் நண்பகல் 36 டிகிரிக்கும் இடையே காற்றின் அடர்த்தி மூன்றரை சதவீதத்துக்கு மேல் குறைகிறது. கடற்கரைப் புழுக்கத்தின் ஈரம் இன்னும் ஒன்றிரண்டு சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். மொத்தம் ஐந்து சதவீதம் திறன் போச்சு என்று வைத்துக்கொள்ளலாம். தொழிற்சாலையில் குதிரைத்திறனை அளப்பதே 25 டிகிரி, குறைந்த ஈரப்பதம் என்ற நிபந்தனையில்தான், நம் ஊர் மே மாதத்தில் இல்லை. எழுந்து ஓடுகிற படகுக்கு இது ஒரு கிலோமீட்டர் வித்தியாசம், யாரும் கவனிக்க மாட்டார்கள். மேட்டின் விளிம்பில் நிற்கிற படகை இதுவே மேடேற விடாமல் தடுத்துவிடும். உயரமும் இதே கதைதான். வைகை அணை உயரத்தில் பெரிய மாற்றம் இருக்காது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. குளிர் கொஞ்சம் ஈடு கட்டினாலும் உங்கள் 40 குதிரைகளில் ஏழெட்டு மூச்சு வாங்கிப் படுத்துவிடும்.

இனி புரொப்பெல்லர். இதை விட்டுவிட்டு எல்லாரும் இன்ஜினைப் பார்ப்பார்கள். பிட்ச் 11 என்றால் ஒரு சுற்றுக்கு 11 அங்குலம் முன்னேற வேண்டும், திருகாணி மரத்தில் ஏறுவது போல. தண்ணீர் மரமில்லை, கொஞ்சம் வழுக்கும். டிசம்பர் கணக்கு: இன்ஜின் 5,500, புரொப்பெல்லர் அதில் பாதி 2,750. வழுக்கலே இல்லையென்றால் மணிக்கு 46 கி.மீ. போயிருக்க வேண்டும், போனது 41. பதினோரு சதவீத வழுக்கல், அருமையான எண். மே மாதம்: இன்ஜின் 4,200, புரொப்பெல்லர் 2,100. போயிருக்க வேண்டியது 35, போனது 16. பாதிக்கு மேல் வீண். புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னால் வாரி இறைத்துக்கொண்டிருக்கிறது, படகு நகரவில்லை.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. 40 குதிரைத்திறன் என்பது இந்த ரக இன்ஜின்களில் 5,000 முதல் 6,000 சுற்றுக்குள்தான் கிடைக்கும். 4,200-இல் நின்றுவிட்டால் குதிரைகளில் பல லாயத்தைவிட்டே வெளியே வரவில்லை என்று அர்த்தம். அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு மலைப்பாதையில் மூன்று பேரை வைத்துக்கொண்டு நான்காவது கியரில் பைக் ஏறிப் பாருங்கள். வண்டி உறுமும், ஏறாது. வண்டி மேல் தவறில்லை, கியரைக் குறைக்க வேண்டும். படகில் கியர் குறைப்பது என்றால் பிட்ச் குறைந்த புரொப்பெல்லர் மாட்டுவது. ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும். நீங்கள் 9-க்கு வந்தால் முன்னூறு நானூறு சுற்று உடனே கிடைக்கும், அந்தக் கூடுதல் திறனில் படகு மேட்டைத் தாண்டிவிட்டால் பிறகு சுற்று தானாக ஐந்தாயிரத்துக்கு மேல் ஏறும். இழப்பு? இரண்டு பேர் மட்டும் போகும் நாளில் 41 கிடைக்காது, முப்பத்தைந்தை ஒட்டி நிற்கும், அப்போது சுற்று 6,000-ஐத் தாண்டாமல் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒன்று, தனியாகப் போக ஒன்று என்று இரண்டு புரொப்பெல்லர் வைத்திருக்கிறவர்களும் உண்டு. மாற்ற அரை மணி நேரம் கூட ஆகாது.

அடிப்பாகத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பரிலிருந்து மே வரை தண்ணீரிலேயே கட்டிப்போட்டிருந்தால் பாசியும் சிப்பியும் பிடித்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிச் சுரண்டி வண்ணம் அடிப்பது அழகுக்காக அல்ல. நீங்களும் கரையேற்றிச் சுரண்டிவிடுங்கள். புரொப்பெல்லர் இலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள், நுனி மழுங்கியிருந்தால் அதுவும் சுற்றைத் தின்னும்.

காற்றையும் அலையையும் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போகும்போது 16, வரும்போது 18 என்று இரண்டு பக்கமும் பார்த்தது நல்ல காரியம். போன் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம், தண்ணீரைப் பொறுத்தது இல்லை. நீரோட்டமும் காற்றும் அதில் கலந்திருக்கும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 17, ஆகக் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து உங்களிடமிருந்து எடுத்தது ஒரு கிலோமீட்டர்தான். அதன்மேல் பழி போட வேண்டாம். ஆனால் இதே படகு வாடைக்காலத்தில் வடகடலுக்கு, அதாவது பாக் விரிகுடாவுக்குப் போனால் கதை வேறு. ஆழம் குறைந்த இடத்தில் எழும் அலை குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும். அப்போது படகின் வேகத்தை இன்ஜின் தீர்மானிக்காது, உட்கார்ந்திருப்பவர்களின் இடுப்பு தீர்மானிக்கும். 40 போகக்கூடிய படகை 20-இல் ஓட்டுவீர்கள், அதுவே அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். மண்டபத்து ஆட்கள் காற்றைப் பார்த்து வடகடல், தென்கடல் (மன்னார் வளைகுடா) என்று பக்கம் மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். அவர்களிடம் கேட்காமல் புறப்படாதீர்கள். கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீரைவிட லேசான சிற்றலை இருக்கும் நாளில் படகு ஒரு அரை கிலோமீட்டர் கூடவே ஓடும். அடியில் காற்று புகுந்து ஒட்டுதல் குறையும்.

60 குதிரைத்திறன் மாற்றலாமா? சூத்திரப்படி எட்டுப் பேரோடும் 37-ஐத் தாண்டும், மேட்டைச் சுலபமாக ஏறும். ஆனால் முதலில் படகின் பின்பலகையில் அதிகபட்சக் குதிரைத்திறன் எவ்வளவு என்று தகடு இருக்கிறதா பாருங்கள். அதைத் தாண்டினால் பலகை விரியும். பின்னால் எடையும் கூடும். பெட்ரோல் செலவுக்கு ஒரு தோராயம்: முழு வேகத்தில் 40 குதிரைத்திறன் மணிக்கு 15 லிட்டர், 60 என்றால் 23 லிட்டர் வரை. எழுந்து ஓடும் உங்கள் 40 குதிரைத்திறன் இன்ஜின் முப்பது கிலோமீட்டருக்கு 15 லிட்டர் கேட்கும். எழாமல் திணறும் அதே இன்ஜின் ஏறத்தாழ அதையே குடித்துவிட்டுப் பதினாறு கிலோமீட்டர்தான் கொண்டுபோகும். அதனால்தான் சொல்கிறேன், வருடத்தில் மூன்று நாள் எட்டுப் பேர் போவதற்காக லட்சக்கணக்கில் செலவு செய்யாதீர்கள். இரண்டு நடையாகப் போனால் வேகத்துக்கும் நல்லது, அந்த ஆறு பேர் கணக்குக்கும் நல்லது.

அடுத்த முறை போகும்போது படகைக் கரையேற்றி, வடிகால் திருகாணியைக் கழற்றி ஒரு இரவு சாய்த்து வையுங்கள். காலையில் எவ்வளவு தண்ணீர் ஒழுகியது என்று பாருங்கள். டிரெய்லரோடு ஒரு எடை, டிரெய்லரை மட்டும் ஒரு எடை போட்டுச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேரோடு, ஆழம் ஐந்து மீட்டருக்கு மேல் இருக்கும் இடத்தில், முன்னால் இரண்டு பேர் உட்கார, முழு வேகத்தில் சுற்று எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அது 5,000-ஐத் தாண்டிவிட்டால் இன்ஜினில் ஒன்றுமில்லை, நிம்மதியாக இருங்கள். அப்போதும் தாண்டவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள். 9 பிட்ச் புரொப்பெல்லர் ஒன்று பட்டறையில் சும்மாதான் தொங்குகிறது. உங்கள் இன்ஜின் தண்டில் எத்தனை பல் என்று எண்ணிச் சொல்லுங்கள், பொருந்தினால் ஒரு நாள் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். சரிப்பட்டால் கடையில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.